நல்ல மனம் மட்டும் போதுமா?

2007ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் மாநிலத்தில் அமெரிக்கப் படையினர் ஹெலிகாப்டரிலிருந்து கால்பந்துகளைக் கீழே போட்டனர். சிறுவர்கள் விளையாடி மகிழட்டும் என்ற நல்ல எண்ணம்தான். பந்துகளில் பல நாட்டுக் கொடிகள் அச்சிடப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று சவுதி அரேபியக் கொடி. அக்கொடியில் இறைவனின் பெயரும் இறைத்தூதரின் பெயரும் அடங்கிய இஸ்லாமிய நம்பிக்கை அறிக்கை உள்ளது. அதைக் காலால் உதைப்பதா? மக்கள் கொதித்தெழுந்து வீதிக்கு வந்தனர். படையினர் வருத்தம் தெரிவித்தனர். அன்பளிப்பாக வந்தது அவமதிப்பாக முடிந்தது.

கொடுத்தவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. எனினும், உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் பந்தைக் காட்டிக் கேட்டிருந்தால், அவர் ஒரு நொடியில் தடுத்திருப்பார். வேற்று நாட்டில் பணியாற்றும் படைவீரர்களுக்கு அம்மக்களின் மொழி, சமயம், பழக்கவழக்கம் பற்றிய பயிற்சி ஏன் தேவை என்பதை இந்தச் சிறு நிகழ்வு நமக்குச் சொல்கிறது.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நடந்ததோ சிறு நிகழ்வு அல்ல. 2012 பிப்ரவரியில், பக்ராம் தளத்தில் குப்பை எரிக்கும் இடத்திற்குச் சென்ற நூல்களுக்கிடையே திருக்குர்ஆன் பிரதிகளும் இருந்தன. கைதிகள் நூல்களில் எழுதிச் செய்தி பரிமாறுகின்றனர் என்ற ஐயத்தால், சிறை நூலகத்திலிருந்து அகற்றப்பட்டவை அவை. அங்கு வேலை செய்த ஆப்கானியத் தொழிலாளர்கள் அவற்றை நெருப்பிலிருந்து மீட்க முயன்றனர். நாடெங்கும் போராட்டம் வெடித்தது. ஏறக்குறைய 30 ஆப்கானியரும், அமெரிக்கப் படைவீரர் சிலரும் உயிரிழந்தனர். அரசுத்தலைவர் ஒபாமா மன்னிப்புக் கேட்டு மடல் எழுதினார். சமய நூல்களை எவ்வாறு கையாள வேண்டும் என்று வீரர்கள் அனைவருக்கும் உடனே பயிற்சி தர ஆணையிடப்பட்டது. படைகள் அந்நாட்டில் கால்பதித்துப் பத்து ஆண்டுகள் கடந்த பின்னர்!

பின்னர் வெளியான இராணுவ விசாரணை அறிக்கை, ஆப்கானியப் படைவீரர்கள் முன்கூட்டியே எச்சரித்தும் அது கேட்கப்படவில்லை என்றும், இரு தரப்பினரிடையே நம்பிக்கை இல்லாமற் போனதே இதற்கு ஒரு காரணம் என்றும் கூறியது. நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். தகவல் அருகிலேயே இருந்தது. அதைக் கேட்கும் மனந்தான் இல்லை.

அப்படியானால் மக்களைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டால் போதுமா? அமெரிக்க இராணுவம் 2007ஆம் ஆண்டில் மானிடவியல், சமூகவியல் அறிஞர்களைப் படைகளோடு ஈராக்கிற்கும் ஆப்கானிஸ்தானுக்கும் அனுப்பியது. மக்களைப் புரிந்துகொண்டால் இரத்தம் சிந்துவது குறையும் என்றனர் ஆதரவாளர்கள். ஆனால் அதே ஆண்டு அமெரிக்க மானிடவியல் கழகத்தின் செயற்குழு இத்திட்டத்தை ஏற்க மறுத்தது. ஆயுதம் ஏந்தியவர் பக்கத்தில் நிற்க, ஏழை விவசாயி மனமுவந்து பதில் சொல்வாரா? அவர் சொன்னது நாளை யாரையேனும் குறிவைக்கப் பயன்பட்டால் என்ன செய்வது? இவை நியாயமான கேள்விகள். அறிஞர்கள் மூவர் உயிரிழந்த அத்திட்டம் 2014இல் முடிவுக்கு வந்தது.

ஒரு மக்களின் வழக்கங்களை அறிவது வேறு, அம்மக்களை மதிப்பது வேறு. அறிவு மட்டும் இருந்தால் அது இன்னொரு ஆயுதமாகிவிடும். மதிப்பு மட்டும் இருந்து அறிவு இல்லாவிட்டால், கால்பந்துகளைப் போலத் தவறான இடத்தில் போய் விழும். இரண்டும் சேர வேண்டும். படைவீரருக்குச் சில மணி நேர வகுப்பும், சட்டைப்பையில் வைக்கும் கையேடும் தேவைதான். அவற்றைவிடத் தேவையானது, தம்மோடு பணியாற்றும் உள்ளூர் மொழிபெயர்ப்பாளரும் தொழிலாளரும் 'ஐயா, இது வேண்டாம்' என்று அஞ்சாமல் சொல்லக்கூடிய சூழல். அதைக் கேட்டு ஆணையை நிறுத்திவைக்கும் துணிவு மேலதிகாரிக்கும் வேண்டும்.

துப்பாக்கி ஏந்தாத நமக்கும் இது பொருந்தும். வேற்று மொழி பேசுவோர், வேற்றுச் சமயத்தார் நம் அருகில் வாழ்கின்றனர். அவர்களுக்கு நல்லது செய்யப் புறப்படும்முன், அவர்களிடமே ஒருமுறை கேட்கிறோமா?