உயிரணுவில் குடியேறிய மனித மரபணு

தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் உண்ணும் மாத்திரை இதயத்தைத் தடுமாறச் செய்யும் என்றால் நாம் எளிதில் நம்பமாட்டோம். ஆயினும் அவ்வாறே நிகழ்ந்தது. 1985இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டெர்ஃபெனடின் என்னும் ஒவ்வாமை மருந்து, உறக்கம் வருவிக்காத நன்மருந்தெனப் பெயர்பெற்றது. அதனோடு பூஞ்சைநோய் மருந்தாகிய கீட்டோகோனசோலையும் உட்கொண்ட ஒரு பெண்மணி, இதயத்துடிப்புத் தாறுமாறாகி மயங்கி விழுந்த செய்தி 1990இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. பின்னர் இறப்புகளும் பதிவாயின. 1998இல் அம்மருந்து அமெரிக்கச் சந்தையினின்று நீங்கியது.

இதன் காரணத்தை அறிய அயனி வாயில்களைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். உயிரணுவைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வில் புரதத்தாலான நுண்வாயில்கள் உள்ளன. அவை திறக்கும்போது சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகள் உள்ளும் புறமும் பாய்கின்றன, அப்பாய்ச்சலே மின்னோட்டம். ஒவ்வொரு துடிப்பின் இறுதியிலும் பொட்டாசியம் வெளியேறினாலன்றி இதயத்தசை அடுத்த துடிப்பிற்கு ஆயத்தமாகாது. அதற்குரிய வாயில்களுள் முதன்மையானது ‘ஹெர்க்’. ஈதர் மயக்கத்தில் கால்களை உதறி ஆடிய பழ ஈயின் மரபணுவுக்கு இட்ட வேடிக்கைப் பெயரின் வழிவந்த சுருக்கம் இது. ஹெர்க் அடைபட்டால் இ.சி.ஜி.யில் க்யூ-டி இடைவெளி நீளும். மிக நீளின் துடிப்பு நிலைகுலையும். மனிதரின் ஹெர்க் மரபணு 1994இல் வெளிப்பட்டது. அதன் வாயிலை டெர்ஃபெனடின் அடைக்கிறது என்பது 1996இல் தெளிவாயிற்று.

இவ்வாயிலை மனித இதயத்திலேயே ஆராய இயலாதோ? உயிருள்ள இதயத்தசை எளிதிற் கிட்டாது. கிட்டினும், அதிற் பலவகை வாயில்கள் ஒருங்கே இயங்குவதால், சந்தை இரைச்சலில் ஒருவர் குரலைத் தேடும் நிலைதான். ஆகவே தவளை முட்டையில் மனித மரபணுவின் செய்தியைச் செலுத்திப் பார்த்தனர். முட்டையின் மஞ்சட்கரு மருந்தை உறிஞ்சிவிடும், அளவு பிழைபடும். மனித உடல்வெப்பத்திலும் அதனைச் சோதித்தல் அரிது; சில நாளில் அழியும் முட்டைக்கு மாற்றாக மீண்டும் புதிது தேடவேண்டும்.

இக்குறைகளைத் தீர்க்க வந்ததே நிலைத்த உயிரணுக் கால்வழி. ஹெர்க் மரபணுவை ஒரு டி.என்.ஏ. வளையத்தில் பொருத்தி, அதனுடன் நஞ்சினைத் தாங்கும் மற்றொரு மரபணுவையும் இணைத்து, வளர்ப்புத் தட்டிலுள்ள உயிரணுக்களுக்குள் செலுத்துவர். பெரும்பாலானவை அதனைச் சில நாளில் இழந்துவிடும். மிகச் சிலவற்றில் மட்டும் அது குரோமோசோமிலேயே ஒட்டிக்கொள்ளும். பின்பு ஜி418 என்னும் நஞ்சினை ஊற்றினால் ஏனையவை மடிய, அச்சில மட்டும் பிழைக்கும். எமக்கு இம்முறையில் வியப்பளிப்பது இத்தேர்வே: ஆய்வாளர் தேடித் திரிவதில்லை, நஞ்சே பொறுக்கித் தருகிறது. பிழைத்தவற்றைத் தனித்தனியே பெருக்கி, வலிய மின்னோட்டம் தரும் குடும்பம் ஒன்றைத் தெரிந்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் காப்பர். அதன் வழித்தோன்றல் ஒவ்வொன்றும் அவ்வாயிலைத் தானே கட்டிக்கொள்ளும்.

இதற்குப் பெரிதும் பயன்படுவது ஹெக் 293. 1973இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஃபிராங்க் கிரஹாம், மனிதக் கருவொன்றின் சிறுநீரக உயிரணுக்களில் அடினோ வைரஸின் டி.என்.ஏ.யைப் புகுத்தி உருவாக்கினார். 293 என்பது அவர் செய்த சோதனையின் எண். சொந்த மின்னோட்டம் சிறிதாகையால், புகுத்திய வாயிலின் ஒலி இதில் தெளிவாய்க் கேட்கும். அக்கருவின் பின்னணி பற்றிய முழுப்பதிவு இல்லாமையால் இதனைக் கையாளத் தயங்குவோரும் உளர்; அத்தயக்கம் எள்ளத்தக்கதன்று. சீன ஹாம்ஸ்டர் எலியின் சூலக உயிரணுக்களிலும் ஹெர்க் கால்வழி அமைக்கப்பட்டுள்ளது.

1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹெக் 293இல் ஹெர்க்கை நிலைநாட்டி, உடல்வெப்பத்திலேயே அதன் மின்னோட்டத்தை அளந்து வெளியிட்டனர். அளவிடும் கருவி, நெயர், சக்மன் இருவர்க்கும் 1991இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த நுண்கண்ணாடிக் குழல் முறை. முன்பு ஒரு நாளில் விரலெண்ணத்தக்க உயிரணுக்களே அளவிடப்பட்டன. இன்று 384 குழிகளில் ஒருங்கே அளக்கும் பொறிகள் உள்ளன. 2005இல் வகுக்கப்பெற்ற பன்னாட்டு நெறிமுறை, புதிய மருந்துகளுக்கு ஹெர்க் சோதனையைப் பரிந்துரைத்தது.

டெர்ஃபெனடினின் கதைக்கும் இங்கே விடை உண்டு. கல்லீரல் அதனை விரைவில் ஃபெக்சோஃபெனடினாக மாற்றிவிடும். ஒவ்வாமையைத் தணிப்பது இம்மாற்றுருவே, ஹெர்க்கை அடைப்பதோ மூலமருந்து. கீட்டோகோனசோல் கல்லீரலின் அந்நொதியைத் தடுத்தமையால் மூலமருந்து குருதியில் தேங்கியது. மாற்றுருவையே தனி மருந்தாக்க 1996இல் ஒப்புதல் கிடைத்தது. இன்றும் நம் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது.

ஆயினும் ஹெர்க் ஒன்றே நீதிபதியன்று. வெரபமில் என்னும் இதயமருந்தும் ஹெர்க்கை அடைக்கும். எனினும் கால்சிய வாயிலையும் உடன் அடைப்பதால் அத்தகைய தீங்கு விளைப்பது அரிது. ஹெர்க் சோதனையை மட்டும் நம்பியிருப்பின் நல்ல மருந்துகள் பலவற்றை இழந்திருப்போம். ஆதலின் 2013 முதல், சோடியம், கால்சியம் வாயில்களைத் தாங்கிய கால்வழிகளிலும் மருந்தினைச் சோதித்து, முடிவுகளைக் கணினியில் இணைத்துக் காணும் முயற்சி நடைபெற்று வருகிறது.