கோடையில் தூண்டில் போட ஏற்ற வேளை

பங்குனி பிறந்து ஏரிகளில் ஜலம் இறங்கத் தொடங்கியதும், கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் தூண்டிலும் கையுமாக ஏரிக்கரைக்குச் செல்வோர் தொகை பெருகுகிறது. இவர்களிற் பலர் காலை ஆகாரத்தை முடித்துக்கொண்டு, வெயில் ஏறிய பின்னர் போய், மத்தியானம் வரையில் வீணே காத்திருந்து, இந்த ஏரியில் மீனே இல்லை என்று சலித்துத் திரும்புவது வழக்கம். மீன் இல்லாமற் போகவில்லை, வேளைதான் தப்பிவிட்டது.

மீனுக்குத் தனியாக உடற்சூடு கிடையாது. தான் வாழும் ஜலத்தின் உஷ்ணமே அதன் உஷ்ணம். அன்றியும், ஜலம் சூடேற ஏற அதில் கரைந்து நிற்கக்கூடிய பிராணவாயு குறைகிறது. 20 டிகிரி சென்டிகிரேடில் ஒரு லிட்டர் ஜலம் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 7½ மில்லிகிராமே தாங்கும். இது ஒரு பாதிதான். மற்றப் பாதியைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் வெயிலின் உதவியால் பிராணவாயுவை வெளிவிடுகின்றன. இரவிலோ, அவையும் மீன்களைப்போலவே அதனைச் செலவிடுகின்றன. ஆகையால் பாசி பிடித்த ஏரியில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும் நேரம், ஜலம் குளிர்ந்திருக்கும் அதே விடியற்காலந்தான். பிற்பகலில் பிராணவாயு நிறைந்திருக்கும்; ஆனால் அப்பொழுது மேல்ஜலம் கொதிக்கும். இவ்விரண்டு தொல்லைகளுக்கும் நடுவே மீன் இரை தேடவேண்டியிருக்கிறது. எந்த மீனுக்கு எந்தத் தொல்லை பெரிது என்பதைப் பொறுத்தே அதன் வேளையும் அமைகிறது.

அமெரிக்காவில் கோடைக் காலங்களில் ‘பாஸ்’ என்னும் மீனைப் பிடிக்க விடியற்காலையிலும் அந்திப் பொழுதிலும் செல்கிறார்கள். அம்மீனுக்கும் இந்நாட்டு விராலுக்கும் இனத்தால் உறவில்லை. எனினும் செடிகளின் ஓரத்தில் பதுங்கிக் கிடந்து, அருகில் வரும் இரைமேல் பாயும் சுபாவம் இரண்டுக்கும் ஒன்றே. விராலுக்கு மேலும் ஓர் அநுகூலம் உண்டு. அது ஜலத்திற்கு மேலே வந்து காற்றையே விழுங்கிச் சுவாசிக்கும். ஆதலால் விடியற்காலத்துப் பிராணவாயுக் குறைவு அதனைப் பாதிப்பதில்லை. குளிர்ச்சியின் நன்மையை மாத்திரம் அது அநுபவிக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் இங்குச் சூரியோதயம் ஏறக்குறைய 5.50 மணிக்கும், அஸ்தமனம் 6.30 மணிக்கும் ஆகின்றன. விரால் பிடிப்போர் 5½ மணிக்கே கரையில் இருத்தல் வேண்டும். 8 மணிக்குமேல் விரால் அல்லி இலைகளின் அடியிலும், சம்பு, கோரைப் புதர்களினுள்ளும் புகுந்துவிடும். பின்னர் மாலை 5 மணிக்குமேல் இருட்டும் வரையில் மறுபடியும் வெளிப்படும். அது காற்று விழுங்க மேலே வந்து போகும் இடத்தைச் சிறிது நேரம் பார்த்திருந்தால், எங்கே தூண்டில் போடுவது என்பதை அதுவே காட்டிக் கொடுத்துவிடும்.

இரையாகச் சிறு கெண்டையும் மண்புழுவும் போதும். தவளையைக் கோப்பாரும் உண்டு. வயலில் பூச்சிகளைத் தின்று குடியானவனுக்கு உதவும் பிராணியை முள்ளில் மாட்டுவது நஷ்டமான காரியம். இக்காலத்தில் கடைகளில் கிடைக்கும் ரப்பர் தவளைக்கும் விரால் நன்றாகவே ஏமாறுகிறது.

கட்லா, ரோகு, மிருகால் என்பவை வட இந்திய நதிகளிலிருந்து இங்குக் கொண்டுவந்து வளர்க்கப்படும் கெண்டையினங்கள். இவற்றின் விஷயம் வேறு. இவை ஜலத்தில் கரைந்த பிராணவாயுவையே நம்பியிருப்பதால், பச்சைநிறமாய்ப் பாசி பிடித்த ஏரியில் விடியற்காலையில் வாயைத் திறந்துகொண்டு மேலே மிதந்து திணறுவதைக் காணலாம். இதைக் கண்டு மீன் மேய்கிறது என்று மகிழ்ந்து தூண்டிலை வீசுவோர் ஏமாற்றமடைவர். திணறும் மீன் இரையெடுப்பதில்லை. வெயில் சற்று விழுந்து பாசி வேலை செய்யத் தொடங்கிய பின், அதாவது 7½ மணி முதல் 9½ மணி வரையில், பிசைந்த கோதுமை மாவுக்கும் கடலைப் பிண்ணாக்குக்கும் இவை வரும். தெளிந்த ஜலமுள்ள ஏரியில் இவ்வளவு தாமதிக்க வேண்டுவதில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். மீனைக் கூட்டுவதற்காக முன்னிரவிலேயே தவிட்டையும் பிண்ணாக்கையும் கூடை கூடையாய்க் கொட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வற்றிய குட்டையில் இவை அழுகும்பொழுது, மிச்சமிருக்கும் பிராணவாயுவும் தீர்ந்து, விடிவதற்குள் மீன்கள் செத்து மிதக்க நேரும். ஒருவர் தூண்டிலுக்கு இரண்டு மீன் சேர்ப்பதற்காக ஏரி முழுவதும் பாழாவது சரியன்று. மீன்கள் திணறுவதைக் கண்டால் அன்று தூண்டிலை ஒதுக்கிவைத்து, வசதியிருந்தால் மோட்டார் வைத்துப் புது ஜலம் பாய்ச்சுவதே தக்கது.

கெளுத்தியும் வாளையும் இருட்டின் மீன்கள். அஸ்தமனத்திற்குப் பின் இரண்டு மூன்று மணி நேரம் இவற்றுக்கு உகந்தது.

கரையைத் தேர்ந்தெடுப்பதிலும் வேளையின் கணக்கு உண்டு. மரங்கள் நிற்கும் ஏரியில், காலையில் கீழ்க்கரையோரம் நெடுநேரம் நிழல் தங்கும். மாலையில் மேல்கரையோரம் முதலில் நிழல் விழும். மரநிழலில் இருப்பவரின் சொந்த நிழல் ஜலத்தின்மேல் அசையாது என்பது கூடுதல் லாபம்.

இந்தக் கணக்கு பெரிய அளவில் தெரியும் இடம் கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணை. 1960-களில் கட்டப்பட்டு, 46 அடி வரை ஜலம் தேக்கும் இவ்வணை கல்வராயன் மலையின் கிழக்கடியில் இருக்கிறது. கீழ்த்திசையில் மறைப்பு இல்லாததால் காலை வெயில் விரைவில் ஜலத்தில் விழுந்துவிடுகிறது. மாலையிலோ, சமவெளி ஏரிகளில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்பொழுதே இங்குச் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். எனவே கோமுகியில் மாலை வேளை முன்னதாகத் தொடங்கி நீண்டு நிற்கும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், அங்கு மாலையையே தேர்ந்தெடுக்கலாம். வைகாசிக் கடைசியில் மேல்காற்று பலமாக வீசத் தொடங்கிய பிறகு மற்றொரு விசேஷம் நேரிடுகிறது. காற்று ஜலத்தை மோதும் கீழ்க்கரையில் அலையால் பிராணவாயு கலந்து, இரையும் அங்கே ஒதுங்குவதால், உச்சிப் பொழுதிலும் மீன் கிடைப்பதுண்டு. அணைகளிலும் ஏரிகளிலும் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுவதால், உரியவரிடம் அனுமதி பெற்ற பின்னரே தூண்டில் போடவேண்டும்.

மலைமேல் நிலைமை மாறுகிறது. வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கங்கள் சமவெளியைவிட உயரமானவை. 1,000 அடி ஏறினால் சுமார் 2 டிகிரி சென்டிகிரேடு குளிர்ச்சி கூடும். ஓடைகளின் குறுகிய பள்ளங்களில் வெயில் தாமதித்தே இறங்குகிறது. ஆகவே கீழே 8 மணிக்கு முடிந்துபோகும் காலை வேளை, அங்கே 10 மணி வரையிலும் நீளும். ஆனால் கோடையில் மலை ஓடைகள் அறுந்து, தனித்தனி மடுக்களாய் நிற்கும். அம்மடுக்களில் ஒதுங்கியிருக்கும் சில மீன்களே மறுவருஷத்திற்கு வித்து. வெடி போட்டோ, விஷக் காய்களையும் பட்டைகளையும் இடித்துக் கலக்கியோ ஒரு மடுவை அழிப்பது, ஓடை முழுவதையும் அழிப்பதாகும். இவ்விரண்டையும் 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்பிடிச் சட்டமே தடை செய்தது. அதற்கு முன்னரே, சென்னை மாகாணத்து உத்தியோகஸ்தரும் 1873-இல் தூண்டிலைப் பற்றிப் பெரிய புஸ்தகம் எழுதியவருமான எச். எஸ். தாமஸ், குஞ்சு மீன்கள் அழிக்கப்படுவதைப் பற்றி அரசாங்கத்திற்கு எடுத்துரைத்திருந்தார்.

கோடைமழை பெய்த மறுநாள் காலை, எல்லா ஏரிகளிலும் நல்ல வேளை. புது ஜலம் குளிர்ச்சியையும் பிராணவாயுவையும் சேர்த்தே கொண்டுவருகிறது. மழைக்கு முன் மேகம் திரண்டு இடிக்கும்பொழுது மீன் துடிப்பாய் இருக்கும் என்று எண்ணிக் கரையிலேயே நிற்பது ஆபத்து. திறந்த வெளியில் நீண்ட கோலைப் பிடித்து நிற்பவர்மேல் மின்னல் தாக்கக்கூடும். இடி கேட்டவுடன் விலகிவிட வேண்டும்.

அந்தப் புது ஜலத்தோடுதான் முட்டை சுமந்த கெண்டைகள் வாய்க்கால்களில் எதிரேறத் தொடங்கும். கூடை வைத்து அள்ளிவிடலாம் என்ற ஆசை எவருக்கும் வரக்கூடியதே. அப்படி அள்ளப்படும் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான முட்டைகளை வயிற்றில் வைத்திருக்கிறது. ஏறுமீனைத் தடுக்கும் கிராமத்தில், ஐப்பசியில் ஏரி நிரம்பியும் மீன் இராது.

விராலின் விஷயத்தில் இன்னும் நுட்பம் தேவை. மழைக்குப்பின் செடியோரத்தில் செந்நிறக் குஞ்சுகள் ஒரு பந்தைப்போலத் திரண்டு மேலும் கீழுமாய் அசைவதைக் காணலாம். தாயும் தந்தையும் அதன் கீழேயே சில வாரங்கள் காவலிருக்கும். அக்கூட்டத்தருகே எது விழுந்தாலும் பசியில்லாமலே பாய்ந்து கவ்வும்; பிடிப்பது வெகு சுலபம். காவல் போனால் குஞ்சுகளைக் கெளுத்தியும் நாரையும் அன்றைக்கே தின்று தீர்த்துவிடும். குஞ்சுப் பந்து தென்படும் இடத்தை விட்டு இருபது முப்பது கஜம் தள்ளித் தூண்டில் போடுவது நல்லது. தவறிக் காவல் விரால் அகப்பட்டுவிட்டால், கையை நனைத்துக்கொண்டு முள்ளை மெதுவாகக் கழற்றி, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.