பனியன் துணியை நனைச்சுப் போட்டா கார் ஓடுமா? பழைய ஸ்போர்ட்ஸ் காரும் ஃப்யூல் பம்ப்பும்!

ஏப்ரல் வெயில். வேலம்பாளையத்துல இருந்து திருப்பூர் டவுனுக்கு ஒரு பழைய கார்ல போறீங்கன்னு வெச்சுக்கோங்க. பனியன் கம்பெனி ஷிப்ட் விடுற நேரம். டிராஃபிக்ல கொஞ்ச நேரம் ஊர்ந்ததுமே இன்ஜின் ஆஃப். செல்ஃப் சுத்துது, ஆனா ஸ்டார்ட் ஆகலை. அனுபவசாலி மெக்கானிக் என்ன செய்வார் தெரியுமா? பானெட்டைத் திறந்து, பனியன் வேஸ்ட் துணியை நனைச்சு ஃப்யூல் பம்ப் மேல போடுவார். கொஞ்ச நேரத்துல வண்டி கிளம்பிடும்!

இது மேஜிக் இல்லை பாஸ். பம்ப் இருக்கிற இடம்தான் பிரச்னை.

நம்ம சென்னை ஹெரால்டு

1960-களில் சென்னை வண்டலூர் பக்கம் தயாரான கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிரிட்டனின் ட்ரையம்ப் ஹெரால்டுதான் இதோட மூலம். அதே ஹெரால்டின் சேஸியைச் சுருக்கி, 1962-ல் வந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். ரெண்டுலயும் ஃப்யூல் பம்ப் இன்ஜின் பிளாக்கிலேயே போல்ட் போட்டு மாட்டியிருக்கும். இன்ஜின் சுத்தும்போது கேம்ஷாஃப்ட் ஒரு லீவரைத் தட்டும், உள்ளே இருக்கிற டயஃப்ரம் மேலும் கீழும் அசைஞ்சு, பின்னாடி டேங்க்ல இருந்து பெட்ரோலை உறிஞ்சும்.

இன்ஜின் கொதிச்சா பம்ப்பும் கொதிக்கும். பெட்ரோல் ஆவியாகி, பம்ப்புக்குள்ள குமிழ் அடைச்சுக்கும். இதுதான் வேப்பர் லாக்.

புது பம்ப் போட்டா போதாதா?

டயஃப்ரம் கிழிஞ்சிருந்தா கட்டாயம் மாத்தணும். இல்லைன்னா பெட்ரோல் இன்ஜின் ஆயிலோட கலந்துடும். டிப் ஸ்டிக்ல பெட்ரோல் வாசனை வந்தா வண்டியை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். ஆனா புது பம்ப்பும் அதே சூட்டுலதானே உட்காரும்?

அதனால பலர் எலெக்ட்ரிக் பம்ப் வாங்கி, டேங்க் பக்கத்துல மாட்டுறாங்க. ஏன் பின்னாடி? நம்ம ஊர் கிணறுகளை நினைச்சுப் பாருங்க. மேல இருக்கிற மோட்டார் தண்ணியை உறிஞ்சத் திணறும். போர்ல இறக்கின சப்மெர்சிபிள் சுலபமா மேல தள்ளிடும். பெட்ரோலும் அப்படித்தான். உறிஞ்சினா அழுத்தம் குறைஞ்சு சீக்கிரம் ஆவியாகும். தள்ளினா அழுத்தம் கூடி திரவமாவே இருக்கும். இன்றைய பெட்ரோல் கார்களில் பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

மாத்தும்போது கவனிக்க வேண்டியவை

* அழுத்தம்: இந்தக் கார்புரேட்டர்களுக்கு சுமார் 2 முதல் 3 பிஎஸ்ஐ போதும். இன்ஜெக்‌ஷன் கார் பம்ப் 40 பிஎஸ்ஐ-க்கு மேல தள்ளும். அதை மாட்டினா கார்புரேட்டர் நிரம்பி, சூடான இன்ஜின் மேல பெட்ரோல் வழியும்.

* இடம்: டேங்க்கின் அடிமட்டத்துக்குப் பக்கத்துல, சைலன்சர் குழாய்க்குத் தள்ளி, காருக்கு வெளிப்பக்கமா மாட்டணும். பம்ப்புக்கு முன்னாடி ஒரு ஃபில்டர் அவசியம்.

* பழைய ஓட்டை: பம்ப்பைக் கழட்டின இடத்தை கேஸ்கெட் வெச்சு பிளேட் போட்டு மூடணும். விட்டா ஆயில் கொட்டும்.

* ஹோஸ்: 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் இங்கே அறிமுகமானது. பழைய ரப்பர் இதைத் தாங்காது. ஊறி, வெடிச்சு கசியும். எத்தனால் தாங்கும் ஹோஸ்தான் வேணும்.

* வயரிங்: இதுதான் உயிர் விஷயம். பழைய பம்ப், இன்ஜின் நின்னா தானா நின்னுடும். எலெக்ட்ரிக் பம்ப்புக்கு அது தெரியாது. விபத்துல குழாய் அறுந்தாலும், சாவி ஆன்ல இருந்தா பெட்ரோலைப் பீய்ச்சிக்கிட்டே இருக்கும். அதனால ஃப்யூஸ், ரிலேயோட, மோதினா கரன்ட்டைத் துண்டிக்கிற இனர்ஷியா சுவிட்சும் கட்டாயம்.

பலரும் பம்ப்புக்கு செலவு பண்ணிட்டு, இந்த சுவிட்ச்லதான் மிச்சம் பிடிப்பாங்க. அந்தத் தப்பைப் பண்ணாதீங்க!

வேலையை ஆரம்பிக்கும் முன்னாடி இன்ஜின் ஆறணும், பேட்டரியைக் கழட்டணும், தீயணைப்பான் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும். முடிச்சதும், இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம பம்ப்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் துடைச்சுப் பாருங்க. துணி ஈரமானா கசிவு இருக்குன்னு அர்த்தம்.

கழட்டின பழைய பம்ப்பைத் தூக்கிப் போட்டுடாதீங்க. நாளைக்கே காரை ஒரிஜினலா மாத்த நினைச்சா அது வேணும். பனியன் துணி? அது இனி கை துடைக்க மட்டும்தான்!