மறுநடவு இல்லாத வயல்



திருவிழாக் காலம் வந்துவிட்டால் நம் காவிரிக் கரை ஊர்களில் ஓசைக்குக் குறைவில்லை. நாதஸ்வரம், பேண்டு வாத்தியம், வாணவெடி, ஒலிபெருக்கி எல்லாம் நம் காதைத் தேடி வருகின்றன. காதுக்குள் நுழைந்தபின் அந்த ஓசைக்கு என்ன நேர்கிறது? இன்று அதைச் சிந்திப்போம்.

கும்பகோணத்துக்கு அருகே நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்கிறார்கள். 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கலைஞர் ஊதும்போது சீவாளி துடிக்கிறது. அந்தத் துடிப்பு காற்றை அசைக்கிறது. அசைவு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் நம்மிடம் வந்து, செவிப்பறையை அதிரச் செய்கிறது.

செவிப்பறைக்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று சிற்றெலும்புகள் உள்ளன. அங்கவடியின் அளவு சுமார் 3 மில்லிமீட்டர். நம் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு அதுதான். இந்த எலும்புகள் எதற்கு? உட்செவியில் இருப்பது திரவம். காற்றில் வரும் ஒலி நேரே நீரில் பட்டால் பெரும்பகுதி திரும்பிவிடும். குளத்தில் முங்கியிருப்பவருக்குக் கரையில் கூப்பிடுவது சரியாகக் கேட்காததும் இதனால்தான். ஆகவே அகன்ற செவிப்பறையில் விழும் அழுத்தத்தை இந்த எலும்புகள் ஒரு சிறு வாசலில் குவித்து, சுமார் 20 மடங்கு பெருக்கித் தருகின்றன.

வாசலுக்கு அப்பால், நத்தை ஓடுபோல் இரண்டரைச் சுற்றுச் சுருண்ட குழல். அதனுள் நீளவாக்கில் ஒரு சவ்வு. உச்ச ஒலிகள் வாசலருகேயும் தாழ்ந்த ஒலிகள் உள்முனையிலும் அச்சவ்வை அதிகமாக அசைக்கின்றன. அலை அதில் ஓடும் விதத்தைக் கண்டறிந்த ஜார்ஜ் வான் பெகேஷி 1961-இல் நோபல் பரிசு பெற்றார். சவ்வின்மேல் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் நிற்கின்றன. காற்றில் சம்பாப் பயிர் சாய்ந்து நிமிர்வதுபோல் அவற்றின் நுண்ணிழைகள் சாய்ந்து நிமிர்கின்றன. அந்தச் சாய்வு மின்குறிப்பாகி நரம்பு வழியே மூளையை அடைகிறது. ‘இது கல்யாணி ராகம்’, ‘இது பேரப்பிள்ளையின் அழுகை’ என்று மூளை அறிகிறது.

ஆனால் ஒன்றை நாம் மறக்கலாகாது. வெள்ளத்தில் நடவு அழுகினால் மறுபடி நடுகிறோம். சம்பா போனால் அடுத்த போகம் உண்டு. மயிர்ச்செல்களுக்கு மறுநடவு இல்லை. பறவைகளுக்கு அவை மீண்டும் முளைக்கின்றன, மனிதருக்கு முளைப்பதில்லை. பெரும்பாலும் வாசலருகே இருப்பவை, அதாவது உச்ச ஒலிகளுக்கு உரியவை, முதலில் அழிகின்றன. ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிவிடுகின்றன. “பேசுவது கேட்கிறது, சொல்வதுதான் விளங்கவில்லை” என்று நம் பெரியவர்கள் சொல்வது சாக்குப்போக்கு அல்ல. அவர்களிடம் கத்திப் பயனில்லை. முகம் பார்த்து, நிதானமாகப் பேசுவோம்.

85 டெசிபெல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரம்வரை காது தாங்கும் என்பது மருத்துவக் கணக்கு. 100 டெசிபெல் என்றால் 15 நிமிடமே. திருவிழா முடிந்து வீடு திரும்பியபின் காதில் ‘ஙொய்’ என்று இரைந்தால், அளவு மீறிவிட்டது என்று பொருள். இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் சொல்கின்றன.

எனவே இந்த ஆண்டுத் தேர்ப்பவனியில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒலிபெருக்கியின் முன் நிற்காதிருப்போம். வெடிகளைச் சனங்களை விட்டு எட்டக் கொளுத்துவோம். ஒலியைச் சற்றுக் குறைத்தால் திருவிழாவின் சிறப்புக் குறைந்துவிடாது. அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டுகளிலும் நம் பிள்ளைகள் அந்த நாதஸ்வரத்தைக் கேட்க வேண்டுமே!