கதையில் வரும் நோயும் குழந்தை மாற்றிச் சொல்லும் முடிவும்



மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ வந்து, பேரனின் கட்டிலருகே அமர்ந்திருக்கும் ஓர் அப்பத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட வலியில் அழும் பிள்ளையை ஆற்றுவதற்காக அவர் ஒரு கதையைத் தொடங்குகிறார். கதையில் வரும் அரசகுமாரன் காய்ச்சலில் கிடக்கிறான். பிள்ளை உடனே குறுக்கிடுகிறான்: "காய்ச்சல் வேண்டாம் அப்பத்தா. எனக்கு வந்திருக்கே சர்க்கரை, அது அவனுக்கும் வந்துச்சுன்னு சொல்லு." மறுநாள் அதே கதையைக் கேட்கும்போது, "இன்னைக்கு அவன் செத்துப் போயிடுறான்" என்கிறான். அப்பத்தா பதறிப்போய், "அப்படியெல்லாம் வாயால சொல்லக் கூடாதுப்பா" என்று தடுத்துவிடுகிறார்.

இத்தகைய காட்சி மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் புதிதன்று. பிள்ளை கதையைக் கெடுக்கிறான் என்றோ, அபசகுனமாகப் பேசுகிறான் என்றோ பெரியோர் எண்ணுவதும் இயல்பே. ஆயினும், கதையின் நோயை மாற்றும் பிள்ளை தன் நோயைப் பற்றியே பேசுகிறான். நேராகச் சொல்ல இயலாத அச்சத்தையும் ஆசையையும் இன்னொருவன்மேல் ஏற்றிச் சொல்கிறான். அதனைத் தடுக்காமல் கேட்பது எவ்வாறு, எந்த இடத்தில் உண்மையை எடுத்துரைப்பது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

வாசகர் எல்லோரும் செய்வதே

விரும்பிப் படித்த கதையின் போக்கை மனத்துக்குள் மாற்றிப் பார்ப்பது குழந்தைகளுக்கு மட்டும் உரிய பழக்கமன்று. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' இதற்கு நம் மொழியில் நல்ல சான்று. தலைமுறை தலைமுறையாகப் பலரும் பள்ளிப் பருவத்திலேயே படித்துவிடும் புதினம் அது. அதன் கதை நெடுகிலும் நோய் நிழல்போல் தொடர்கிறது. சுந்தர சோழர் கால்கள் செயலிழந்து படுக்கையில் இருக்கிறார். அருள்மொழிவர்மர் கடும் சுரத்தில் விழுந்து நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் சிகிச்சை பெறுகிறார். மணிமேகலை சித்தம் கலங்கி, இறுதியில் உயிர் துறக்கிறாள்.

சுந்தர சோழருக்கு வந்தது என்ன நோய், இக்காலத்து மருத்துவம் இருந்திருந்தால் அவர் நடந்திருப்பாரா, மணிமேகலை பிழைத்திருக்கலாகாதா என்றெல்லாம் வாசகர்கள் பேசிக்கொள்வதுண்டு. கதை முடிந்ததும் பாத்திரங்கள் பின்னர் என்ன ஆயினர் என்று வாசகர்கள் கேட்க, கல்கியே முடிவுரை எழுதி விடையளிக்க வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்னும் புதினத்தில் அக்கதையின் தொடர்ச்சியை எழுதினார். பெரியவர்களுக்கே ஒரு பாத்திரத்தின் நோயையும் முடிவையும் ஏற்க மனம் வராதபோது, அதே நோயைத் தன் உடலில் சுமக்கும் குழந்தைக்கு எவ்வாறு வரும்?

நூலாசிரியரே மாற்றிய நோய்

கதையில் நோயை மாற்றினால் என்ன விளையும் என்பதை அமெரிக்காவின் புகழ்பெற்ற சிறுவர் நூல் வரிசை ஒன்று காட்டுகிறது. லாரா இங்கல்ஸ் வைல்டர் தம் இளமைக்கால வாழ்வை 'லிட்டில் ஹவுஸ்' என்னும் நூல்களாக எழுதினார். அவருடைய அக்காள் மேரி 14 வயதில், 1879-ஆம் ஆண்டில், பார்வையை இழந்தார். ஸ்கார்லட் காய்ச்சலால் அது நேர்ந்தது என்று 1939-இல் வெளிவந்த நூல் கூறுகிறது. அதனைப் படித்து வளர்ந்த பல தலைமுறையினர், அக்காய்ச்சல் கண்ணைப் பறிக்கும் என்றே நம்பினர்.

2013-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சிலர் லாராவின் நினைவுக் குறிப்புகள், கடிதங்கள், அக்காலத்து உள்ளூர்ச் செய்தித்தாள்கள் ஆகியவற்றை ஆராய்ந்தனர். மேரிக்குக் கடும் தலைவலியும் முகத்தின் ஒரு பக்கத்தில் செயலிழப்பும் ஏற்பட்டிருந்தமை அவற்றிலிருந்து தெரிந்தது. ஆகவே, மூளையையும் அதனைச் சூழ்ந்த உறையையும் தாக்கும் வைரஸ் அழற்சியே பார்வையிழப்புக்குக் காரணமாக இருந்திருக்கக்கூடும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். அக்கால வாசகர்களுக்கு நன்கு தெரிந்த நோய் என்பதால் கதையில் ஸ்கார்லட் காய்ச்சல் இடம்பெற்றிருக்கலாம்.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. தொண்டை வலி, காய்ச்சல், உப்புத்தாள்போல் சொரசொரப்பான செந்நிறத் தடிப்பு ஆகியவற்றோடு வரும் ஸ்கார்லட் காய்ச்சல், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் உண்டாவது. பென்சிலின் வகை மருந்துகளால் அதனைக் குணப்படுத்தலாம். கதை அச்சுறுத்தியது கண்ணைப் பற்றி. உண்மையில் நாம் காக்க வேண்டியது இதயத்தை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்றுக்கு முறையாகச் சிகிச்சை செய்யாவிடில், சில குழந்தைகளுக்குப் பின்னர் மூட்டுவலியோடு கூடிய ருமாட்டிக் காய்ச்சல் வந்து, இதய வால்வுகள் பழுதடையலாம். காய்ச்சல் இரண்டு நாளில் தணிந்துவிட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்தலாகாது என மருத்துவர் வற்புறுத்துவது இதனால்தான். கதையிலிருந்து பெற்ற அச்சம் கவனத்தை வேறு பக்கம் திருப்பிவிடக் கூடும். ஆகவே, உங்கள் மனத்தில் எந்தக் கதை ஓடுகிறது என்பதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். உண்மை எது என்பதை அவர் தெளிவுபடுத்துவார்.

குணமாகும் கதையும் உடன் வாழும் கதையும்

சுவிட்சர்லாந்து எழுத்தாளர் யோஹன்னா ஸ்பைரி 1880-லும் 1881-லும் இரு பகுதிகளாக வெளியிட்ட 'ஹைடி' கதையில், சக்கர நாற்காலியில் இருக்கும் கிளாரா என்னும் சிறுமி, மலைக்காற்றாலும் ஆட்டுப்பாலாலும் நண்பர்களின் அன்பாலும் எழுந்து நடக்கிறாள். படிப்போர் கண்களில் மகிழ்ச்சிக் கண்ணீர் வரும் இடம் அது. ஆனால் தசைநோயாலோ முதுகுத்தண்டுப் பாதிப்பாலோ நடக்க இயலாத குழந்தை இதனைப் படித்தால், 'எனக்கு மனவுறுதி போதவில்லை. அதனால்தான் நான் நடக்கவில்லை' என்று தன்னையே நொந்துகொள்ளக் கூடும். அத்தகைய குழந்தை, கிளாரா நாற்காலியிலேயே இருந்துகொண்டு மலையெல்லாம் சுற்றி வருவதாகக் கதையை மாற்றினால், அதனைத் தோல்வி மனப்பான்மை என்று எண்ணிவிட வேண்டாம். நடந்தால்தான் மதிப்பு என்பதை அக்குழந்தை ஏற்க மறுக்கிறது. அது வலிமையின் அடையாளம்.

இதற்கு மாறான போக்குடையது, ஆன் எம். மார்ட்டின் 1986-இல் தொடங்கிய 'பேபி சிட்டர்ஸ் கிளப்' நூல் வரிசை. அதில் வரும் ஸ்டேசி என்னும் சிறுமிக்கு முதல் வகைச் சர்க்கரை நோய். முதலில் தோழியரிடம் மறைக்கிறாள், பின்னர் சொல்லிவிடுகிறாள். நோய் மறைந்துவிடவில்லை. ஊசியும் உணவுக் கட்டுப்பாடும் தொடர்கின்றன. நட்பும் குறும்பும் சண்டையும் அவற்றோடு சேர்ந்தே தொடர்கின்றன. நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் நம் பிள்ளைகளுக்கு இத்தகைய கதைகள் மிகவும் தேவை. கிடைக்காவிட்டால் நாமே அவர்களோடு சேர்ந்து ஒன்றைக் கட்டலாம்.

கேட்பது எவ்வாறு?

முதலாவதாக, திருத்தாதீர்கள், தொடரச் செய்யுங்கள். "அரசகுமாரன் செத்துப் போயிட்டான்" என்று பிள்ளை சொன்னால், "அப்புறம் என்ன ஆச்சு? அவனோட அம்மா என்ன செஞ்சாங்க?" என்று கேளுங்கள். தன் மரணத்தைவிட, தன்னால் அம்மா அழுவதை நினைத்தே பிள்ளை வருந்திக்கொண்டிருக்கலாம். கேட்டால்தான் அது வெளியே வரும்.

இரண்டாவதாக, கதையில் யார்மீது பழி விழுகிறது என்பதைக் கவனியுங்கள். "அவன் அம்மா பேச்சைக் கேக்கல, அதனால நோய் வந்துச்சு" என்று குழந்தை சொன்னால், தன் நோயைத் தண்டனையாக எண்ணுகிறது என்று கொள்ளலாம். அங்கே கதையை நிறுத்திவிட்டு, "நோய் யாரோட தப்பும் இல்லை கண்ணு, உன் தப்பு இல்லவே இல்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இச்சொற்களைப் பல முறை கேட்க வேண்டிய தேவை குழந்தைகளுக்கு உண்டு.

மூன்றாவதாக, சிகிச்சையையும் கதைக்குள் வரவிடுங்கள். பொம்மைக்கு ஊசி போடட்டும். அரசகுமாரனுக்குக் குளுக்கோஸ் ஏற்றட்டும். செவிலியரைப் படைத்தலைவி ஆக்கட்டும். படுக்கையில் எல்லாரும் தனக்குச் செய்வதையே ஏற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, கதையில் ஆணையிடும் உரிமை கிடைக்கிறது.

நான்காவதாக, நல்ல முடிவை வலிந்து திணிக்காதீர்கள். "நான் செத்துப்போவேனா?" என்று பிள்ளை நேரே கேட்டால், பொய்யான உறுதிமொழியும் வேண்டாம், அதட்டி அடக்கவும் வேண்டாம். "எதனால அப்படித் தோணுது?" என்று கேட்டுவிட்டு, "நாம ரெண்டு பேரும் டாக்டர்கிட்டக் கேப்போம். நான் உன்கூடவே இருப்பேன்" என்று சொல்லுங்கள். இறுதியாகச் சொன்ன அந்த வாக்கு நாம் காப்பாற்றக்கூடியது.

ஐந்தாவதாக, வளரிளம் பருவத்தினர் தம் கதைகளை நோட்டில் எழுதி வைப்பர். அவர்கள் காட்டினாலன்றி அதனைப் படிக்காதீர்கள். எழுதுவதற்கு நோட்டும் தனிமையும் தந்தாலே அது பெரிய உதவி.

கதை மாறலாம், மருந்து மாறலாகாது

ஓர் எல்லையை மட்டும் உறுதியாகக் காக்க வேண்டும். கதையில் அரசகுமாரனின் சர்க்கரை நோய் ஒரே இரவில் மறையலாம். வாழ்க்கையில் முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால், ஓரிரு நாள்களிலேயே இரத்தத்தில் அமிலம் பெருகி உயிருக்கு ஆபத்து நேரலாம். ஆகவே, "கதையில அவன் ஊசி வேண்டாம்னு சொல்லலாம். நாம மட்டும் ஊசியைப் போட்டுட்டு அந்தக் கதையைத் தொடரலாமா?" என்று இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள். யாரோ குணமான கதையைக் கேட்டு, மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தும் பெரியோருக்கும் இது பொருந்தும்.

பிள்ளை ஒரே துயரக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னாலோ, உறக்கமும் உணவும் குறைந்தாலோ, விளையாட்டில் நாட்டம் அற்றுப்போனாலோ மருத்துவரிடமோ செவிலியரிடமோ தெரிவியுங்கள். சாக விரும்புவதாகப் பிள்ளை சொன்னால், கதைதானே என்று விட்டுவிடாமல் அன்றே சொல்லுங்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

மதுரை அறிந்த ஒரு வாழ்க்கை

நோய் நீங்காமலே கதை மாறிய வாழ்க்கை ஒன்றினை நம் நகரமே கண்டிருக்கிறது. மருத்துவர் கோ. வெங்கடசாமி மகப்பேறு மருத்துவராக விரும்பியவர். இளம் வயதில் தாக்கிய முடக்குவாதம் அவருடைய விரல்களை வளைத்துவிட்டது. அந்த ஆசையைக் கைவிட நேர்ந்தபோது அவர் கண் மருத்துவத்துக்கு மாறி, அந்த விரல்களைக் கொண்டே அறுவைக்கத்தியைப் பிடிக்கப் பழகினார். 1976-இல், பணி ஓய்வுக்குப் பின், மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. அவருடைய விரல்கள் நிமிரவில்லை. எண்ணற்றோர் பார்வை பெற்றனர்.

எல்லாருடைய கதையும் இவ்வாறு அமைந்துவிடும் என்று நாம் கூறவில்லை. நோய் நம் கையில் இல்லாதபோதும், அதைச் சுற்றி எந்தக் கதையைச் சொல்லிக்கொள்கிறோம் என்பதில் சிறிதளவேனும் நமக்கு இடமுண்டு. இன்று மாலை உங்கள் பிள்ளை கதையின் நடுவே குறுக்கிட்டால், தயைகூர்ந்து தடுக்காதீர்கள். "சரி, நீயே சொல்லு" என்று சொல்லிவிட்டு, அருகில் அமர்ந்து கேளுங்கள்.