கீமோவுக்குப் பிறகு மறதி: மரபணுவுக்கு என்ன பங்கு?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. ஸ்டிச்சிங் லைனில் பத்து வருஷம் வேலை பார்த்த ஒரு அக்கா, மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ முடித்துவிட்டு மறுபடி மெஷினில் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முடி வளர்ந்துவிட்டது. ரிப்போர்ட் நார்மல். ஆனால் சூப்பர்வைசர் சொன்ன சைஸ் அடுத்த நிமிஷமே மறந்துபோகிறது. இடது பீஸா வலது பீஸா என்று கை தயங்குகிறது. 'கவனம் எங்க இருக்கு?' என்று லைனில் திட்டு விழும். வீட்டில், 'எல்லாம் பயம்தான், சரியாயிடும்' என்பார்கள்.

வெறும் பயம் இல்லை. 'கீமோ பிரெயின்' என்று நோயாளிகளே பெயர் வைத்த பிரச்சினை இது. வார்த்தை நாக்கு நுனியில் நிற்கும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை ஓடாது. பலருக்குச் சில மாதங்களில் தெளிந்துவிடும், சிலருக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். ஒரே மருந்து வாங்கிய இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் ஏன்?

வயது, படிப்பு, தூக்கம், மனச்சோர்வு எல்லாம் காரணப் பட்டியலில் உண்டு. கூடவே மரபணுவும்.

அதிகம் பேசப்படுவது ஏபிஓஇ. மூளைக்குள் கொழுப்பை எடுத்துச் செல்லும் புரதத்துக்கான மரபணு. அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஆய்வில், கீமோ முடித்துப் பல ஆண்டுகள் ஆன 80 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் இதன் '4' என்ற வகை இருந்த 17 பேர், பார்த்ததை நினைவில் வைக்கும் தேர்வில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். இரண்டாவது, டோபமைனை உடைக்கும் சிஓஎம்டி. அதை வேகமாக உடைக்கும் வகை உள்ளவர்களுக்குக் கீமோவுக்குப் பின் கவனம் குறைந்ததாக 2011-ல் ஓர் ஆய்வு சொன்னது.

நமக்குக் கொஞ்சம் பக்கத்தில், சிங்கப்பூரில் 2016-ல் வந்த முடிவு வேறு மாதிரி. 145 மார்பகப் புற்றுநோயாளிகளில், பிடிஎன்எஃப் மரபணுவின் ஒரு வகை உள்ளவர்கள் பேச்சுத் தடுமாற்றத்தைக் குறைவாகவே உணர்ந்தார்கள். அதாவது மரபணு ஆபத்தைக் கூட்டவும் செய்யலாம், காப்பாற்றவும் செய்யலாம்.

அப்போ டெஸ்ட் எடுத்துடலாமா? இப்போதைக்கு வேண்டாம் என்பதே நேர்மையான பதில். எல்லாமே சிறிய ஆய்வுகள். முடிவைப் பார்த்துக் கீமோவை மாற்றும் வழிமுறையும் இல்லை. இன்னொரு சிக்கல்: ஏபிஓஇ-4 அல்சைமர் ஆபத்தோடும் தொடர்புடையது. உங்கள் ரிசல்ட் உங்கள் பிள்ளைகளைப் பற்றியும், கூடப்பிறந்தவர்களைப் பற்றியும் பேசும். அவர்கள் அதைக் கேட்டார்களா?

அதைவிடப் பயனுள்ளது, கீமோ தொடங்கும் முன்பே ஒரு நினைவாற்றல் சோதனை. எட்டாவதோடு பள்ளியை விட்டவரைப் பட்டதாரிக்கான தேர்வில் அளந்தால் தப்பான விடைதான் வரும். முதியோர் மறதிநோயை ஆராய்ந்த '10/66' என்ற சர்வதேசக் குழு, படிப்பு பாதிக்காத சோதனைகளைத் தேடியது; அந்த ஆய்வு நடந்த ஊர்களில் வேலூரும் ஒன்று. ஆனால் நம்ம அக்காவை ஒப்பிடச் சரியான ஆள், கீமோவுக்கு முந்தைய அவரேதான்.

சிகிச்சை முடிந்தவர்கள், ரிவ்யூவில் டாக்டரே கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். மறதி எப்போது தொடங்கியது, எந்த வேலையில் தடுமாறுகிறது என்று எழுதிக் கொண்டுபோங்கள். ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைபாடு, தூக்கமின்மை இருந்தால் அவற்றுக்கு மருந்து உண்டு. அப்படியே, கம்பெனியில் காட்ட ஒரு மெடிக்கல் கடிதமும் கேளுங்கள்: முதல் சில வாரங்களுக்கு டார்கெட்டைக் குறைத்து, சைஸை வாயால் சொல்லாமல் துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லி.