டேட்டாபேஸில் டேக் மற்றும் தேடல் வசதி அமைக்கலாமா?

பி.எச்.பி.யும் மை எஸ்.க்யூ.எல்.லும் ஓரளவு தெரிந்தவர்கள், வீட்டுக்கென ஒரு சிறிய வெப் அப்ளிகேஷன் எழுதிக் கொள்வதுண்டு. புத்தகப் பட்டியல், சமையல் குறிப்புகள், போட்டோ தொகுப்பு என எதுவாகவும் அது இருக்கலாம். தகவல்கள் நூறைத் தாண்டியதும் ஒரு கேள்வி எழும்: வேண்டியதை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, சொல்லைக் கொடுத்துத் தேடுவது. மற்றொன்று, ஒவ்வொரு தகவலுக்கும் அடையாளச் சொற்களை, அதாவது டேக்குகளை இணைப்பது. 2003ல் டெலிஷியஸ் தளமும் 2004ல் பிளிக்கர் தளமும் டேக் முறையைப் பரவலாக்கின. இவ்விரண்டையும் எப்படி அமைப்பது என்று பார்ப்போம்.

எங்கள் வீட்டுச் சமையல் குறிப்புகளுக்காக நான் எழுதிய அப்ளிகேஷனையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். என் அக்கா மகனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை உண்டு. எனவே நிலக்கடலை சேராத குறிப்புகளை மட்டும் பட்டியலிட வேண்டும். அந்தப் பட்டியலில் தவறு வரக் கூடாது.

தேடல் மட்டும் ஏன் போதாது?

எஸ்.க்யூ.எல்.லில் எளிய தேடல் வழி 'லைக்' கட்டளை. தேடும் சொல்லின் இருபுறமும் % குறியிட்டால், அந்த எழுத்துகள் எங்கிருந்தாலும் கிடைக்கும். சில நூறு குறிப்புகளுக்கு இதன் வேகம் தாராளமாகப் போதும். ஆனால் 'கடலை' என்று தேடிப் பாருங்கள். கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். 'நிலக்கடலை' என்று முழுதாகத் தேடினால், 'வேர்க்கடலை' என்றோ 'மல்லாட்டை' என்றோ எழுதப்பட்ட குறிப்புகள் விட்டுப் போகும். மூன்றும் ஒரே பொருள் என்பது நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. பஜ்ஜி செய்முறையில் 'எண்ணெயில் பொரிக்கவும்' என்று மட்டும் இருக்கும். வீட்டில் பயன்படுத்துவதோ கடலை எண்ணெய். எழுதப்படாத சொல்லை எந்தத் தேடலும் கண்டுபிடிக்காது. குறிப்பைப் படித்தவர் இணைக்கும் டேக் மட்டுமே இதைச் சொல்லும்.

மூன்று டேபிள்கள்

பலரும் செய்வது, குறிப்பு டேபிளிலேயே 'டேக்' என ஒரு காலம் சேர்த்து, 'இனிப்பு, கடலை, பண்டிகை' எனக் காற்புள்ளியிட்டு எழுதுவது. இது வேண்டாம். இதில் தேட மீண்டும் 'லைக்' கட்டளைதான் தேவைப்படும். பழைய குழப்பமே திரும்பும். எட்கர் காட் 1970ல் வெளியிட்ட கட்டுரையில் தொடங்கிய ரிலேஷனல் டேட்டாபேஸ் முறையின் அடிப்படை விதிகளில் ஒன்று, ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பு மட்டுமே இருக்க வேண்டும் என்பது.

எனவே இப்படி அமையுங்கள்:

1. குறிப்பு டேபிள்: குறிப்பு எண், தலைப்பு, செய்முறை.
2. டேக் டேபிள்: டேக் எண், டேக் பெயர். ஒரே பெயர் இருமுறை பதிவாகாமலிருக்க, பெயர் காலத்திற்கு யூனிக் இண்டெக்ஸ் கொடுங்கள்.
3. இணைப்பு டேபிள்: குறிப்பு எண், டேக் எண். இரண்டும் சேர்ந்ததே பிரைமரி கீ.

ஒரு குறிப்புக்கு 5 டேக்குகள் என்றால் இணைப்பு டேபிளில் 5 வரிசைகள் இருக்கும். ஒரு டேக் உள்ள குறிப்புகளைப் பெற மூன்று டேபிள்களையும் 'ஜாயின்' செய்தால் போதும். 'இனிப்பு', 'பண்டிகை' இரண்டுமே உள்ளவை வேண்டுமானால், இரண்டையும் 'இன்' பட்டியலில் தந்து, குறிப்பு எண் வாரியாக 'குரூப் பை' செய்து, 'ஹேவிங்' பகுதியில் எண்ணிக்கை 2 எனக் கேளுங்கள்.

இத்துடன் நான்காவதாக ஒரு சிறிய டேபிளும் அமைத்துக் கொள்ளுங்கள்: மாற்றுப் பெயர், அதற்குரிய டேக் எண். வேர்க்கடலை, வேர்கடலை, மல்லாட்டை, கடலை எண்ணெய் ஆகிய எல்லாவற்றையும் 'நிலக்கடலை' டேக்கின் எண்ணுக்குக் காட்டிவிடலாம். தேடல் பெட்டியில் எதை டைப் செய்தாலும், முதலில் இந்த டேபிளைப் பார்த்து உரிய டேக்கை எடுக்கும்படி புரோகிராம் எழுதுங்கள்.

தமிழுக்கே உரிய சிக்கல்கள்

யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகப் பதியலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகத் தரலாம். அல்லது ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகத் தரலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் உள்ளே எழுத்து வரிசை வேறு என்பதால், 'கொண்டைக்கடலை' கண்ணெதிரே இருந்தும் தேடலில் சிக்காமல் போகலாம். இதற்குத் தீர்வு நார்மலைசேஷன். பி.எச்.பி.யின் 'இண்டல்' எக்ஸ்டென்ஷனில் உள்ள 'நார்மலைசர்' கிளாஸைக் கொண்டு, சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்துகளை என்.எஃப்.சி. வடிவத்திற்கு மாற்றிவிடுங்கள். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் 'ள' எழுத்தும் போட்டு 'கௌ' என்பதை 'கெள' என அடித்திருந்தால் மட்டும் இது உதவாது. அது வேறு எழுத்து. கையால்தான் திருத்த வேண்டும்.

அடுத்தது வேற்றுமை உருபு. 'பூண்டு' என்று தேடினால் 'பூண்டை நசுக்கி' என்ற வரி கிடைக்காது. கடைசி உகரக் குறியை நீக்கி, 'பூண்ட' எனத் தேடச் செய்தால் இரண்டும் கிடைக்கும். 'பழம்' என்பது 'பழத்தை' என மாறும். அங்கே 'பழ' என்று சுருக்கினால் 'பழைய சோறு' கூட வரும். கூடுதலாக வருவதைக் கண்ணால் பார்த்து ஒதுக்கலாம். வராமல் போனதை எப்படித் தெரிந்து கொள்வது? எனவே தாராளமாகத் தேடுவதே நல்லது.

தேடல் பெட்டியில் டைப் செய்வதை அப்படியே எஸ்.க்யூ.எல். வரியில் ஒட்டிவிடாதீர்கள். அது எஸ்.க்யூ.எல். இன்ஜெக்ஷன் தாக்குதலுக்கு வழி விடும். பி.டி.ஓ.வின் பிரிப்பேர்டு ஸ்டேட்மெண்ட் முறையையே பயன்படுத்துங்கள்.

'இல்லை' என்பதன் பொருள்

இனி முக்கியமான இடத்திற்கு வருவோம். நிலக்கடலை டேக் இல்லாத குறிப்புகளைப் பெற 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' கட்டளை உள்ளது. ஆனால் நேற்று அவசரமாகச் சேர்த்த குறிப்புக்கு எந்த டேக்கும் போட்டிருக்க மாட்டோம். அது கடலை உருண்டையாகவே இருந்தாலும் இந்தப் பட்டியலில் வந்து நிற்கும். டேட்டாபேஸைப் பொறுத்தவரை, 'கடலை இல்லை' என்பதும் 'இன்னும் யாரும் பார்க்கவில்லை' என்பதும் ஒன்றுதான்.

இதைப் பிரித்துக் காட்ட, குறிப்பு டேபிளில் 'சரிபார்த்தது' என ஒரு காலம் சேருங்கள். ஆரம்ப மதிப்பு 0. ஒருவர் முழுதும் படித்து, டேக் போட்ட பின்னரே 1 ஆக வேண்டும். செய்முறையைத் திருத்தினால் தானாக மீண்டும் 0 ஆக வேண்டும். பட்டியல் எடுக்கும்போது, டேக் இல்லாதது, சரிபார்த்தது 1 என இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துக் கேளுங்கள். சரிபார்க்காதவற்றைத் தனியாக, வேறு நிறத்தில் காட்டுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பட்டியலைப் பார்த்து வாரம் பத்துக் குறிப்புகளை அம்மா சரிபார்க்கிறார். கடையில் வாங்கும் பொடிகளுக்குப் பாக்கெட்டின் மேல் உள்ள விவரத்தைப் படிப்பதும் அவர் வேலைதான். அதை எந்த புரோகிராமும் செய்யாது.

புத்தகப் பட்டியலோ போட்டோ தொகுப்போ, உங்கள் அப்ளிகேஷன் எதுவானாலும் இதே டேபிள்கள் பொருந்தும். முதலில் இருபது தகவல்களுக்கு மட்டும் டேக் போட்டு இயக்கிப் பாருங்கள். எந்த மாற்றுப் பெயர்கள் தேவை என்பது அப்போதே தெரிந்துவிடும்.